பழைய லா ஸ்காலா ஸ்பீக்கர்: எங்கே வைப்பது, எதை மாற்றுவது?

பழைய ஹார்ன் ஸ்பீக்கர் (குழாய்போல விரியும் வாய் வழியாக ஒலியை அனுப்பும் பெட்டி) ஒரு ஜோடி வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் உதிரிபாகம் பற்றியதாகவே இருக்கிறது. உயர் ஒலி தரும் ட்வீட்டர் எதைப் போடலாம், எந்த கெப்பாசிட்டர் நல்லது, நடு ஒலி தரும் மிட் ஹார்னை மரத்தில் செய்து மாட்டலாமா? எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் ஹார்ன் விஷயத்தில் அறைதான் முதலில், பெட்டி அடுத்தது, உதிரிபாகம் அதற்கும் அப்புறம். காசும் உழைப்பும் இந்த வரிசையில் போனால்தான் வித்தியாசம் காதில் விழும். வரிசை மாறினால், எவ்வளவு செலவு செய்தாலும் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் போகாது.

எல்லா ஹார்ன்களையும் ஒரே கட்டுரையில் அடக்க முடியாது. 1970களில் செய்த கிளிப்ஷ் லா ஸ்காலாவை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் மூத்தவரான கிளிப்ஷார்னையும் திரையரங்கிலிருந்து வந்த ஆல்டெக் ஏ7-ஐயும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

பால் கிளிப்ஷ் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஹோப் என்ற சிறிய ஊரில் 1946-ல் நிறுவனம் தொடங்கினார். முதல் பெட்டி கிளிப்ஷார்ன். அறையின் மூலையில் மட்டுமே நிற்கும். இரண்டு பக்கச் சுவர்களும் ஹார்னின் கடைசிப் பகுதியாக வேலை செய்யும். 1963-ல் வந்த லா ஸ்காலாவுக்கு மூலை கட்டாயமில்லை. அடுத்த ஆண்டு வின்த்ராப் ராக்கஃபெல்லர் ஆர்கன்சா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது பிரசாரக் கூட்டங்களில் ஒலித்தது இந்தப் பெட்டிதான். தூக்கிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதே இதன் பிறவிக் குணம். அதற்குக் கொடுத்த விலை ஆழமான பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி.

இந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளும் இருப்பவை கிட்டத்தட்ட ஒன்றேதான். தாழ்ந்த ஒலிக்கு 15 அங்குல கே-33 வூஃபர், நடு ஒலிக்கு கே-400 உலோக ஹார்னில் திருகிய கே-55-வி டிரைவர், உயர் ஒலிக்கு கே-77 ட்வீட்டர். 400 ஹெர்ட்ஸ் வரை பாஸ் ஹார்ன், அங்கிருந்து 6000 வரை மிட், அதற்கு மேல் ட்வீட்டர். கே-55-வி என்பது அட்லஸ் நிறுவனம் செய்த பொதுக்கூட்ட ஒலிபெருக்கி யூனிட். நம் ஊர்த் திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் திருகும் யூனிட்டும் இதே இனம். ஆகவே கிளிப்ஷார்னா, லா ஸ்காலாவா என்பது 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள விஷயம் மட்டும்தான். பாடகரின் குரலும் வயலினும் நாகஸ்வரமும் பெரும்பாலும் ஒரே மிட் ஹார்ன் வழியாகத்தான் வரும். இது புரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

மூலை ஏன் இவ்வளவு முக்கியம்?

ஹார்னின் வாய்ச் சுற்றளவு, அது தாங்க வேண்டிய மிகத் தாழ்ந்த ஒலியின் ஓர் அலைநீளத்துக்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அந்தச் சுற்றளவில் வாய் வேண்டுமென்றால் 2.2 மீட்டர் விட்டம். எந்த ஹாலிலும் அதற்கு இடமில்லை. ஆனால் பெட்டியைத் தரையில் வைத்ததும் வாயின் பரப்பு இரண்டு மடங்கு ஆனதுபோல ஹார்ன் நடந்துகொள்ளும். பின்னால் ஒரு சுவர் சேர்ந்தால் நான்கு மடங்கு. தரையும் இரண்டு சுவர்களும் கூடும் மூலையில் எட்டு மடங்கு.

லா ஸ்காலாவின் பாஸ் வாய் சுமார் 55-க்கு 55 சென்டிமீட்டர். மேலே சொன்ன விதியை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், வெறும் தரையில் நிற்கும்போது அது 125 ஹெர்ட்ஸ் வரைதான் முழு ஹார்னாக வேலை செய்யும். சுவரை ஒட்டினால் 90 வாக்கில் இறங்கும். மூலையில் 60-ஐத் தொடும். அந்த எல்லைக்குக் கீழே ஒலி நின்றுபோகாது, மெல்லத் தேயும். ஒரே பெட்டி, ஒரே வூஃபர், ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவு மாற்றம். எந்த கெப்பாசிட்டராலும் இதைத் தர முடியாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. லா ஸ்காலா செவ்வகப் பெட்டி. மூலைக்காக வெட்டிய வடிவம் அல்ல. 60 சென்டிமீட்டர் அகலமும் 62 ஆழமும் உள்ள பெட்டியை 45 டிகிரி திருப்பி மூலையில் வைத்தால், அதன் வாய் மூலையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். வாயிலிருந்து மூலைக்குப் போய்த் திரும்பும் ஒலி 1.8 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. 95 ஹெர்ட்ஸ் வாக்கில் அது அரை அலைநீளம். நேராக வரும் ஒலியை அது அழித்து, அங்கே ஒரு பள்ளம் விழ வாய்ப்பு உண்டு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கொஞ்சம் வெறுமையாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெட்டியின் முன் விளிம்பிலிருந்து இரண்டு பக்கச் சுவர்கள் வரை 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் இறக்கை போல இரண்டு பலகைகள் வைத்து இடைவெளியை மூடினால், பின்னால் போகும் வழி அடைபட்டு இந்தப் பள்ளம் பெருமளவு நிரம்பும். ஆசாரிக்கு அரைநாள் வேலை. பெட்டியில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

கிளிப்ஷார்னுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் அதன் நிபந்தனைகள் கடுமையானவை. ஹாலின் ஒரே பக்கத்தில் இரண்டு நல்ல மூலைகள் வேண்டும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டு பக்கமும் குறைந்தது நான்கு அடிக்குக் கதவு, ஜன்னல், அலமாரி எதுவும் இல்லாத வெறும் சுவர் வேண்டும். பழைய பதிப்புகளில் பெட்டியின் பின் விளிம்பு சுவரோடு காற்றுப் புகாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் பாஸ் மெலிந்துவிடும். அண்மைக் காலப் பதிப்புகளில் பின்புறத்தை மூடிவிட்டார்கள் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. நம் ஹால்களை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் பால்கனிக் கதவு, இன்னொன்றில் பூஜை அலமாரி அல்லது சமையலறை வாசல். இரண்டு மூலைகளும் சுத்தமாகக் கிடைக்கும் வீடு அபூர்வம்.

கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், கிளிப்ஷார்ன்தான். அதற்கு நம் வீடுகளில் ஒரு பெரிய சாதகமும் இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டால் அதிர்ந்து, ஒலியின் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அசையாது. கிளிப்ஷார்ன் எதிர்பார்க்கும் உறுதியான ஹார்ன் நீட்சி நம் சுவர்தான்.

அதே உறுதி இன்னொரு பக்கம் இடிக்கும். அசையாத சுவர் அறையின் சொந்த அதிர்வுகளையும் விழுங்காது. 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56 என்று ஒவ்வோர் அளவுக்கும் ஒரு முழக்கம் உண்டு. மூலையில் வைத்த பெட்டி இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தட்டி எழுப்பும். 16-க்கு 12 அறையில் இவை பரவி இருப்பதால் சமாளிக்கலாம். 12-க்கு 12 சதுர அறையில் 47 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகிவிடும். ஒரு சுரம் மட்டும் வீட்டையே நிரப்பும், அடுத்தது காணாமல் போகும். அப்படிப்பட்ட அறைக்கு கிளிப்ஷார்ன் வேண்டாம் என்றே சொல்வேன். லா ஸ்காலா 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. அந்தக் குறையே அங்கே நன்மையாகிவிடும்.

ஆல்டெக் ஏ7 வேறு வகை. 1940களின் நடுவில் திரையரங்குகளுக்காக வந்த 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' வரிசையைச் சேர்ந்தது. 15 அங்குல வூஃபருக்கு முன்னால் குட்டையான ஹார்ன், கீழே பாஸைக் கூட்டும் பாஸ் ரிஃப்ளெக்ஸ் துளை, மேலே 511 அல்லது 811 உலோக ஹார்ன். இரண்டே வழி, தனி ட்வீட்டர் கிடையாது. ஆண் குரலுக்கும் சாக்ஸபோனுக்கும் அது தரும் கனம் லா ஸ்காலாவில் கிடைக்காது. ஆனால் நூறு பேர் உட்காரும் தூரத்துக்காகச் செய்த பெட்டி அது. நான்கு மீட்டராவது தள்ளி உட்கார முடியாதவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

எப்படித் திருப்பி வைப்பது?

லா ஸ்காலாவை நீளச் சுவரில் இரண்டு மூலைகளிலும் வைத்தால் இரண்டுக்கும் நடுவே நான்கு மீட்டருக்கு மேல் இடைவெளி வரும். அப்படி வைத்தால் நடுவில் குரல் ஓட்டையாகிவிடுமே என்பது பலருடைய பயம். பெட்டியை எவ்வளவு திருப்புகிறோம் என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது. நேராக அறையைப் பார்த்தபடி வைத்தால் ஓட்டை விழும். 45 டிகிரி உள்நோக்கித் திருப்பி, இரண்டு பெட்டிகளின் நேர்க்கோடுகளும் உட்காருமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெட்டிக்கொள்ளும்படி வைத்தால் நடுக்குரல் கெட்டியாக நிற்கும்.

காரணம் எளிது. சோபாவில் நீங்கள் இடது ஓரத்துக்கு நகர்ந்தால் இடது பெட்டி பக்கத்தில் வருகிறது, ஆனால் அதன் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடுகிறீர்கள். அதனால் அது கொஞ்சம் தணிகிறது. வலது பெட்டி தூரம், ஆனால் இப்போது அது உங்களை நேராகப் பார்க்கிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால் மூன்று பேர் உட்கார்ந்தாலும் மூவருக்கும் பாடகர் நடுவிலேயே இருப்பார். ஒலியைத் திசைகட்டி அனுப்பும் ஹார்னில்தான் இது நன்றாக நடக்கும். ஹார்ன் இல்லாத சாதாரண ஸ்பீக்கரில் இவ்வளவு தெளிவாக வராது.

அப்படியும் அகலம் அதிகமாக இருந்தால் நடுவில் மூன்றாவது பெட்டி. இது கிளிப்ஷே சொன்ன வழி. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வகம் பிலடெல்பியா இசைக்குழுவின் வாசிப்பை மூன்று சேனல்களில் வாஷிங்டன் அரங்குக்குக் கம்பி வழியாக அனுப்பிக் காட்டியது. கிளிப்ஷ் அந்தச் சோதனைகளைப் பின்பற்றியவர். 1957-ல் வந்த ஹெரசி என்ற சிறிய பெட்டி, இரண்டு கிளிப்ஷார்ன்களுக்கு நடுவில் நிற்பதற்காகவே உருவானது. இன்றைக்கு வீட்டில் இரண்டு சேனல் மட்டும் கேட்பவர்களுக்கு, திருப்பி வைப்பதே போதும் என்பது என் தீர்மானம். மூன்றாவது பெட்டியும் இன்னொரு ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) பிறகு வரட்டும்.

அடுத்தது உயரம். லா ஸ்காலா 90 சென்டிமீட்டர்தான். மிட் ஹார்னின் மையம் தரையிலிருந்து 75 வாக்கில் இருக்கும், சோபாவில் உட்காருபவரின் காது 100-ல். கே-400 ஹார்ன் மேலும் கீழுமாக ஒலியைக் குறுக்கி அனுப்பும் வகை என்பதால் இந்த 25 சென்டிமீட்டர் நன்றாகத் தெரியும். பெட்டியை ஸ்டாண்டில் தூக்கி வைப்பது பலர் செய்வது. அப்படிச் செய்தால் பாஸ் வாய் தரையைவிட்டுப் போய்விடும். மூலையால் வந்த ஆதாயத்தில் ஒரு பங்கு கரையும். நான் சொல்வது சாய்வு. முன்பக்கத்தை மட்டும் 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், மூன்று மீட்டர் தூரத்தில் ஹார்னின் நேர்க்கோடு கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். காதுக்கு நேராக வந்து நிற்கும். இரண்டு மூலையிலும் தனித்தனிக் கட்டை வைக்காமல், பெட்டியின் முழு அகலத்துக்கும் ஒரே ஆப்புப் பலகையாகச் செருகுங்கள். இல்லாவிட்டால் வாய்க்கு நேர் கீழே ஒரு பிளவு திறந்தபடி கிடக்கும்.

டைல்ஸ் தரை உயர் ஒலியைச் சிதறாமல் அப்படியே திருப்பி அனுப்பும். பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவில் தடிமனான விரிப்பு அவசியம். பவானி ஜமக்காளம் ஒன்று மட்டும் போட்டால் போதாது, அது மெல்லியது. அடியில் பருத்தி மெத்தை விரிப்பு ஒன்று இருந்தால் பலன் தெரியும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவு மைக் ஒன்றும் இருந்தால், பெட்டியை ஒவ்வொரு சாணாக நகர்த்தி அளந்து பார்த்துவிடலாம்.

பெட்டியில் செய்ய வேண்டியது

பழைய லா ஸ்காலாவின் உண்மையான பலவீனம் அதன் பக்கச் சுவர்கள். அகலமான ப்ளைவுட் பலகை, முன் விளிம்பில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நிற்கிறது. கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும்போது பக்கப் பலகையின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள், அதிர்வு கையில் தெரியும். செல்லோவின் சில சுரங்கள் மட்டும் தடித்து ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். 2006-ல் லா ஸ்காலா 2 வந்தபோது நிறுவனமே பலகையை ஓர் அங்குலத் தடிமனுக்கு மாற்றியது. அதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

இதற்கு இரண்டு வழி. வெளியே இன்னொரு அடுக்கு ப்ளைவுட்டை ஒட்டுவது ஒன்று. பலன் முழுமை, ஆனால் திரும்ப வழியில்லை, பழம்பொருளாக அதன் மதிப்பும் போய்விடும். இன்னொன்று, வாயின் உள்ளே பக்கச் சுவருக்கும் நடுவில் உள்ள வூஃபர் அறைக்கும் இடையே இருபுறமும் ஒரு தேக்குச் சட்டத்தை, நுனிகளில் ஃபெல்ட் ஒட்டி, இறுக்கமாகச் செருகுவது. ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். பெரும்பாலான பலன் இதிலேயே கிடைத்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்வேன்.

அப்படியே வூஃபர் அறையின் மூடியையும் கழற்றிப் பாருங்கள். பழைய கேஸ்கட் காய்ந்து நொறுங்கியிருக்கும். அங்கே காற்றுக் கசிந்தால் பாஸ் போய்விடும். கதவு ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பே இதற்குப் போதும். கே-33 வூஃபரின் விளிம்பு மடிப்புத் துணி. ஃபோம் விளிம்புபோல உளுத்துப்போகாது, அதனால் ஐம்பது வருடப் பெட்டியிலும் வூஃபர் நன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ப்ளைவுட்டின் அடியில் கரையான் தடம் இருக்கிறதா என்பதை வாங்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகங்களில் முதலிடம் கெப்பாசிட்டருக்கு

1970களின் டைப் ஏஏ கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து அந்தந்த யூனிட்டுக்கு அனுப்பும் மின்சுற்று) மிட்டுக்கு 13 மைக்ரோஃபாரட், ட்வீட்டருக்கு 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் தகர டப்பாவில் எண்ணெய் நிரப்பி வந்தன. வயதாக ஆக அவற்றின் உள் மின்தடை ஏறும். ட்வீட்டர் மங்கி, மேல் ஸ்தாயி தூசி படிந்ததுபோல ஆவது பெரும்பாலும் இதனால்தான். ட்வீட்டரைக் குறை சொல்லுமுன் இதை மாற்றிப் பாருங்கள். அதே மதிப்பில் நல்ல பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் போதும். 13 கிடைக்காவிட்டால் 10-ஐயும் 3-ஐயும் இணையாகக் கோக்கலாம். விலை உயர்ந்த ஆடியோ கெப்பாசிட்டருக்கும் மின்மோட்டார்களில் போடும் மோட்டார் ரன் வகைக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம் கொட்டுவதைவிட அந்தப் பணத்தை விரிப்புக்கும் சட்டத்துக்கும் செலவிடலாம். ஓர் எச்சரிக்கை: 1979-க்கு முந்தைய எண்ணெய் கெப்பாசிட்டர்களில் நச்சுத்தன்மையுள்ள பிசிபி எண்ணெய் இருக்கக்கூடும். டப்பாவை வெட்டித் திறக்க வேண்டாம்; கசிந்திருந்தால் கையுறை போட்டு எடுங்கள்.

ஏஏ-யில் ட்வீட்டரைக் காக்க ஸீனர் டயோடுகள் இருக்கும். கே-77 சில வாட்டுகள் மட்டுமே தாங்கும் என்பதால், விருந்துக்கு யாராவது வால்யூமைத் திருகக்கூடிய வீட்டில் அவை அப்படியே இருக்கட்டும்.

கெப்பாசிட்டர் மாற்றிய பிறகும் இடதும் வலதும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை என்றால் அப்போது ட்வீட்டர். புதிய கம்ப்ரஷன் டிரைவர் ட்வீட்டர்கள் கே-77-ஐவிட மேலே நீளும், அதிகம் தாங்கும். சங்கதிகளின் நுனி தெளிவாகும். மிட் ஹார்ன் மாற்றம் கடைசி. கே-400 உலோக வார்ப்பு, தட்டினால் மணிபோல ஒலிக்கும். கார் கதவுக்குள் ஒட்டும் டேம்பிங் ஷீட்டை அதன் வெளிப்பக்கம் ஒட்டினால் அந்த ஒலி அடங்கிவிடும். மரத்தில் கடைந்த, டிராக்ட்ரிக்ஸ் என்ற வளைவில் விரியும் ஹார்ன் இன்னும் மென்மையாகப் பாடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மேல் பகுதியையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும், கையில் இருப்பது லா ஸ்காலா என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடும்.

பாஸ் இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு கிளிப்ஷார்னைத் தேடி அலைவதைவிட, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு நல்ல சப்வூஃபர் நடைமுறைக்கு உகந்தது. அதோடு டிஎஸ்பி (டிஜிட்டல் ஒலிச் செயலி) போட்டு மூன்று வழியையும் தனித்தனி ஆம்பில் ஓட்டலாம். பாஸ் ஒலி மடிந்த பாதை வழியாகத் தாமதமாக வருவதால் மிட்டையும் ட்வீட்டரையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சேர்க்க முடியும். தாளத்தின் முனை கூர்மையாவது உடனே தெரியும். ஆறு சேனல் ஆம்பும் பொறுமையும் இருப்பவர்களுக்கு இதுவே சிறந்த வழி. ட்வீட்டருக்குத் தொடரில் ஒரு பாதுகாப்புக் கெப்பாசிட்டர் மட்டும் மறக்க வேண்டாம்.

ஆம்பில் வாட்டைத் தேடாதீர்கள். லா ஸ்காலா ஒரு வாட்டுக்கு 105 டெசிபல் வாக்கில் தரும். 88 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தத்துக்கு ஐம்பது மடங்கு சக்தி கேட்கும். 300பி வால்வு ஒன்று தரும் எட்டு வாட்டே ஹாலுக்கு மிஞ்சும். ஆனால் அதே உணர்திறனால் ஆம்பின் இரைச்சலும் பெரிதாகும். வாங்கும் முன் பாட்டுப் போடாமல், ட்வீட்டரில் காதை வைத்து 'ஸ்' என்ற ஒலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கழற்றிய கெப்பாசிட்டர், ட்வீட்டர், திருகு எல்லாவற்றையும் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வையுங்கள். கசிந்த எண்ணெய் டப்பாவை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். நாளைக்கு இந்த ஜோடியை வாங்க வருபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.